ஜோர்டானில் ரோமானிய எல்லை: ஒரு நாள் கையில் இருந்தால் எந்தக் கோட்டைக்குப் போவது?

பெட்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அம்மான், பெட்ரா, வாடி ரம் மூன்றும் முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. ரோமானியர்கள் பாலைவன எல்லையில் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க ஆசை. எங்கே போகலாம்?" துபாய், தோஹா பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு அம்மான் சில மணி நேர விமானப் பயணம்தான். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. உள்ளூர் டிரைவர்களைக் கேட்டால் ஜெராஷ் என்பார்கள். ஜெராஷ் அருமையான நகரம், கட்டாயம் பாருங்கள். ஆனால் அது உள்நாட்டு நகரம். எல்லையில் காவல் காத்தவன் எங்கே தூங்கினான், அவன் குதிரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அந்தத் தூண் வரிசையில் தெரியாது.

அதற்குத் தகுந்த இடங்கள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்போம்.

## முதலில் கொஞ்சம் பின்னணி

கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன் காலத்தில் நபத்திய அரசு ரோமோடு இணைக்கப்பட்டு 'அரேபியா' மாகாணம் ஆனது. பெட்ராவைக் குடைந்தவர்கள்தான் அந்த நபத்தியர்கள். 111-க்கும் 114-க்கும் இடையில், சிரியாவின் பொஸ்ராவிலிருந்து செங்கடல் கரையின் அய்லா வரை (இன்றைய அகபா) ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். "சிரியாவின் எல்லை முதல் செங்கடல் வரை" என்று அதன் மைல்கற்களே சொல்கின்றன. பொஸ்ராவில் மூன்றாம் சிரெனைக்கா படைப்பிரிவு இருந்தது. 300-ஐ ஒட்டி பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் ஏற்பாடு மாறியது. நான்காம் மார்ட்டியா என்ற படைப்பிரிவு லெஜ்ஜூன் என்ற கோட்டைக்கு வந்தது. ஜெருசலேமில் இருந்த பத்தாம் ஃப்ரெட்டென்சிஸ் அய்லாவுக்கு இடம்பெயர்ந்தது.

பிரிட்டனில் ஹேட்ரியன் கட்டியது போன்ற நெடுஞ்சுவர் இங்கே கிடையாது. ஒரு சாலை, அதற்குக் கிழக்கே ஆங்காங்கே கோட்டைகள், காவல் கோபுரங்கள், ஊற்றுகள், தொட்டிகள். எல்லை என்பது அவ்வளவுதான். மானாவாரி விவசாயம் தாக்குப்பிடிக்கும் நிலம் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தை ஒட்டியே இந்தக் கோட்டைகளில் பல நிற்கின்றன.

இவை யாருக்கு எதிராகக் கட்டப்பட்டவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை உண்டு. லெஜ்ஜூனை அகழ்ந்த அமெரிக்கர் தாமஸ் பார்க்கர், பாலைவன நாடோடிகளின் கொள்ளையைத் தடுக்கத்தான் என்றார். பெஞ்சமின் ஐசக், டேவிட் கிராஃப் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. சாலையைக் காப்பதும், மாகாணத்துக்குள் ஒழுங்கை நிலைநாட்டுவதும்தான் படையின் வேலை, நாடோடிகள் பாதி நேரம் கூட்டாளிகள் என்பது அவர்கள் பக்கத்து வாதம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எந்த இடத்துக்குப் போகிறீர்களோ அந்த இடம் உங்களை ஒரு கட்சியில் சேர்த்துவிடும். பஷீர் கோட்டையின் கோபுரத்தடியில் நின்றால் பார்க்கர் சொல்வது சரி என்று தோன்றும். உம் அல்-ஜிமாலின் கல்லறைப் பெயர்களைப் படித்தால் எதிர்க்கட்சிக்குப் போய்விடுவீர்கள். எனவே எது பெரியது, எது அழகானது என்று பார்க்காமல், உங்கள் மனதில் உள்ள கேள்வி எது என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நிற்கிறதா, அகழப்பட்டதா. தொல்லியல் இடங்களுக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுவர் உயரமாக நிற்கும் இடமும், நமக்கு அதிகம் தெரிந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. அகழாய்வு முழுமையாக நடந்த இடத்தில் முழங்கால் உயரச் சுவர்தான் மிஞ்சியிருக்கும். பல குழிகளைப் பாதுகாப்புக்காகத் திரும்ப மண் போட்டு மூடியிருப்பார்கள். கிடைத்த பொருள்களோ வேறு ஊரில் இருக்கும்.

தண்ணீர். வறண்ட மாகாணத்தில் மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். தண்ணீர் வந்த வழியையும் தேங்கிய இடத்தையும் கண்ணால் பார்க்க முடிகிற இடத்துக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

யார் வாழ்ந்தார்கள். வீரர்கள் மட்டுமா, குடும்பங்களும் வியாபாரிகளும் நாடோடிகளும் கூடவா.

எந்தக் காலம். இரண்டாம் நூற்றாண்டின் தன்னம்பிக்கையான படை வேறு, நான்காம் நூற்றாண்டில் சுவர்களைத் தடிமனாக்கிக்கொண்ட படை வேறு.

பயணச் செலவு. பணம் மட்டும் இல்லை. வெயில், மண்சாலை, டிரைவர் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதில் சேர்த்தி.

| இடம் | முக்கியக் காலம் | மேலே தெரிவது | தண்ணீர் | மனிதர்கள் | போவதில் சிரமம் |
|---|---|---|---|---|---|
| ஹுமைமா | 2–4ஆம் நூற்றாண்டு (ஊர் அதற்கு முன்னும் பின்னும்) | தாழ்ந்த சுவர்கள், தொட்டிகள், குளியல் கூடம் | மிகத் தெளிவு | படையும் ஊரும் | குறைவு, பெட்ரா–அகபா வழியிலேயே |
| லெஜ்ஜூன் | 300–551 | மதில் அடித்தளம், கோபுர அடிகள் | ஊற்று, ஓடை | பெரும்பாலும் படை | நடுத்தரம் |
| கஸ்ர் பஷீர் | 293–305-இல் கட்டியது | மூன்று அடுக்குக் கோபுரம், வாசல் கல்வெட்டு | தொட்டிகள் | சிறு படை | அதிகம், மண்தடம் |
| உம் அல்-ஜிமால் | 2–8ஆம் நூற்றாண்டு | ஒரு முழு ஊர் | வாய்க்கால், குளங்கள் | குடும்பங்கள் | குறைவு |
| அஸ்ரக் | 300-ஐ ஒட்டி, பிறகு 1237 | பிற்காலக் கோட்டை | வற்றிய சோலை | தெளிவில்லை | மிகக் குறைவு |

## ஹுமைமா

பழைய பெயர் ஹவாரா. நேர்கோட்டில் பார்த்தால் பெட்ராவுக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ., அகபாவுக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. பாலைவன நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். பெட்ரா முடித்து வாடி ரம்முக்கோ அகபாவுக்கோ போகிற எல்லாரும் இதன் பக்கமாகத்தான் போகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தெரிவதே இல்லை.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 80 மி.மீ. மழைதான். அந்த மழையில் நபத்திய அரசர் ஒருவர் கி.மு. முதல் நூற்றாண்டில் ஒரு ஊரை உருவாக்கினார், அது ரோமானியர், பைசாந்தியர் காலங்களைக் கடந்து இஸ்லாமிய காலம் வரை நிலைத்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இடத்தை வாங்கி இங்கே குடியேறியது அப்பாசிய குடும்பம். பின்னாளில் பாக்தாதில் கலீஃபாக்களாக உட்கார்ந்த அதே குடும்பம்தான்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஓல்சன் 1986 முதல் இங்கே வேலை செய்தார். அவர் தொடங்கியதே தண்ணீரிலிருந்து. மேற்குறிப்பிட்ட மழையை வைத்துக்கொண்டு இத்தனை பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. மலைச்சரிவின் ஊற்றுகளிலிருந்து ஊருக்கு ஒரு கால்வாய் வந்தது, கிளையோடு சேர்த்தால் சுமார் 27 கி.மீ. நீளம். நடுவில் பள்ளம் தோண்டிய கற்களை ஒன்றோடொன்று முட்டவைத்து, இருபுறமும் கல் அடுக்கி, மேலே பலகைக் கல் மூடிய வாய்க்கால் அது. தண்ணீர் வெயிலில் ஆவியாகாது, மண்ணும் விழாது. அந்தக் கற்களில் சில இன்றும் வரிசை கலையாமல் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் பள்ளத்தின் உட்புறத்தில் ஊற்று நீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு நடந்தால், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இவ்வளவு நீளமான கால்வாய் இருந்தும், ஊர் அதை மட்டும் நம்பவில்லை. சுற்றுவட்டாரத்தில் விழும் மழையை ஓடவிட்டுப் பிடித்த தொட்டிகள்தான் வீடுகளைக் காப்பாற்றின. வளைவுகள் கட்டி மேலே கல் பாவிய தொட்டிகள் இன்னும் நிற்கின்றன. கால்வாய் உடைந்தாலும் ஊர் சாகாது என்ற கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நபத்தியர்கள். ரோமானியர்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

கோட்டை 206 மீட்டருக்கு 148 மீட்டர். 106-க்குப் பிறகு சீக்கிரமே கட்டப்பட்டது. இந்த மாகாணத்தில் அகழ்ந்து அறியப்பட்ட ரோமானியக் கோட்டைகளில் மிக முந்தையவற்றில் ஒன்று. நடுவில் தலைமைக் கட்டடம், பக்கத்தில் தளபதியின் வீடு, சுவர் ஓவியத்தின் துண்டுகள், தரைக்கடியில் சூடேற்றும் அமைப்பு எல்லாம் கிடைத்தன. பாலைவனத்தில் எதற்குச் சூடேற்றம் என்று கேட்கலாம். ஜனவரி மாதம் இரவில் அங்கே இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

கோட்டைக்குள் உள்ள நீர்த்தொட்டியை மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். சுமார் 29 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அகழ்ந்தவர்கள் கணக்குப்படி கோட்டையில் சுமார் 500 பேர். ஆளுக்கு நாளைக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய தொட்டி பத்து மாதம் தாங்கும். குதிரைகளையும் ஆவியாவதையும் சேர்த்தால் அது வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கு என்னுடையது, தோராயமானது. ஆனால் தொட்டியின் விளிம்பில் நின்று இப்படிக் கணக்குப் போடும்போதுதான், எல்லைப் படையின் பலம் வாளில் இருந்ததா தொட்டியில் இருந்ததா என்று நமக்கே தெரிகிறது. கால்வாயிலிருந்து இந்தத் தொட்டிக்குத் தண்ணீரைத் திருப்பியதும் படைதான். ஊர்க்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

கோட்டைக்கு வெளியே குடியிருப்பும் குளியல் கூடமும் இருந்தன. அங்கே ஒரு சிறு கோவிலில், மூன்றாம் சிரெனைக்கா படையினர் நிறுவிய லத்தீன் கல்வெட்டுள்ள பலிபீடமும், நபத்தியர்கள் கும்பிடும் உருவமில்லாத கல்லும் அருகருகே கிடைத்தன. ஆக்கிரமித்தவனும் உள்ளூர்க்காரனும் ஒரே கூரைக்குக் கீழே கும்பிட்டதற்கு இதைவிட நேரடியான சான்று இந்த எல்லையில் குறைவு.

குறை என்ன? உயரமாக நிற்பது எதுவும் இல்லை. கோட்டையின் வரைபடத்தை முன்கூட்டியே பார்க்காமல் போனால் கற்குவியலாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். நிழலும் மிகக் குறைவு.

எப்போது இது சிறந்த தேர்வு: பெட்ராவிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு, தண்ணீரும் படையும் ஊரும் எப்படி ஒட்டி வாழ்ந்தன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு.

## லெஜ்ஜூனும் கஸ்ர் பஷீரும்

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 15 கி.மீ. ஒன்று தெரிந்ததை அள்ளித் தரும், மற்றொன்று கண்ணுக்கு விருந்து தரும்.

லெஜ்ஜூன் கராக்குக்குக் கிழக்கே, கராக்–கத்ரானா சாலையை ஒட்டி இருக்கிறது. பார்க்கர் 1980 முதல் 1989 வரை இங்கே அகழ்ந்தார். 242 மீட்டருக்கு 190 மீட்டர், அதாவது 4.6 ஹெக்டேர். ஒரு முழுப் படைப்பிரிவின் தலைமையகம் இது. பழைய காலத்தில் ஐயாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுக்கு இதைப்போல நாலு மடங்கு இடம் தேவைப்பட்டது. டயோக்ளீஷியன் காலத்துப் படைப்பிரிவு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது இந்த மதிலைச் சுற்றி நடந்தாலே விளங்கும். நடந்து முடிக்க அதிக நேரம் ஆகாது.

கோட்டையின் கதையை எழுதியது நிலநடுக்கங்கள். 363-இல் ஒன்று. அதற்குப் பிறகு படைவீடுகளைத் திரும்பக் கட்டியபோது முன்பு இருந்ததில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் இடம் விட்டார்கள். ஒரு தேவாலயம் கோட்டைக்குள்ளேயே எழும்பியது. 530-ஐ ஒட்டிப் படை கலைக்கப்பட்டது. பேரரசர் ஜஸ்டினியன் எல்லைக் காவலர்களின் சம்பளத்தை நிறுத்தினார் என்று அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ப்ரோகோப்பியஸ் எழுதியிருப்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. 551 நிலநடுக்கத்தோடு எல்லாம் முடிந்தது. ஒரு பேரரசு தன் எல்லையைக் கைவிடுவது போரில் தோற்றுத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை, சம்பளப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தாலே போதும் என்பதை இந்த ஒரு கோட்டையில் அடுக்கடுக்காகப் படிக்கலாம்.

படிக்கலாம் என்றேன், பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அங்கே போய் நின்றால் கண்ணில் படுவது சரிந்த மதிலும் கோபுரங்களின் அடியும்தான். மேலே சொன்னதெல்லாம் அகழாய்வு அறிக்கைகளில் இருக்கிறது. ஊற்று இருக்கும் ஓடை பக்கத்திலேயே இருப்பதால், ஏன் இந்தத் தாழ்வான இடத்தைப் பிடித்தார்கள் என்பது மட்டும் உடனே புரியும். காவலுக்கு வடமேற்கே குன்றின் மேல் ஃபித்யான் என்ற தனிக் கோட்டை இருந்தது.

சரி, பஷீர். லத்தீனில் மொபீன். நான்கு மூலைகளில் நான்கு கோபுரங்கள், நடுவில் முற்றம், பக்கத்துக்கு 55 மீட்டர் அளவு. கோபுரங்களில் மூன்று அடுக்குகள் இன்றும் நிற்கின்றன. ரோமானிய உலகம் முழுவதிலும் இவ்வளவு முழுமையாக நிற்கும் சிறு கோட்டைகள் சொற்பம். வாசல் நிலைக்கு மேலே லத்தீன் கல்வெட்டு, அதை வைத்த இடத்திலேயே இருக்கிறது. டயோக்ளீஷியனும் அவருடைய சக பேரரசர்களும், ஆளுநர் ஆரேலியஸ் அஸ்க்ளேபியாதெஸ் பெயரும், "அடித்தளத்திலிருந்து" கட்டியதாகச் சொல்லும் வரியும் அதில் உள்ளன. 293-க்கும் 305-க்கும் இடையில் எழுதியது. கீழே நிற்பவன் படிப்பதற்காக வெட்டிய எழுத்தை, கீழே நின்று படிக்கிறோம்.

தரைத்தளத்து அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். 23 அறைகளின் சுவர்களில் அறைக்கு மூன்று வீதம் மாடங்கள் உள்ளன. தீவனத் தொட்டிகள் என்பது பொதுவான கருத்து. அப்படியானால் 69 விலங்குகளுக்கு இடம். கீழே குதிரையோ ஒட்டகமோ, மேலே ஆட்கள். கல்வெட்டில் இந்த இடத்தைக் குறிக்கும் சொல்லை வைத்து, இது வெறும் காவல் கோட்டை இல்லை, ஆளுநர் வந்து நாடோடித் தலைவர்களைச் சந்திக்கும் இடமாகவும் இருந்திருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதைத் தீர்த்துவைக்கும் அளவுக்கு இங்கே அகழாய்வு நடக்கவில்லை. பார்க்கர் குழு சில சோதனைக் குழிகள் மட்டும் போட்டது. அதனால்தான் கோட்டை இவ்வளவு கம்பீரமாக இருந்தும், அதில் வாழ்ந்தவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

மறைவான செலவு இங்கே வண்டி. கத்ரானாவுக்கு வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரியும் மண்தடம்தான் வழி. சாதாரண வாடகைக் காரில் போகக்கூடாது. மண்சாலையில் ஏற்பட்ட சேதத்துக்கு வாடகை நிறுவனக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே போக வேண்டாம். இடம் தெரிந்த டிரைவரோடு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்தால், நுழைவுக் கட்டணம் இல்லாத இந்த இடம்தான் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும்.

வழியைக் கொஞ்சம் மாற்றி, மாதபாவிலிருந்து பழைய ராஜபாட்டை வழியாக இறங்கினால் கராக்குக்கு முன்னால் ரப்பா வரும். 127-ஆம் ஆண்டு டிசம்பரில் பபாத்தா என்ற யூதப் பெண் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தன் பேரீச்சந் தோப்புகளைப் பதிவு செய்ய வந்தது இந்த ஊருக்குத்தான். கணவர் யூதா பாதுகாவலராக உடன் நின்றார். எந்தத் தோப்பு, என்ன வரி, தோப்பை ஒட்டி யார் நிலம் என்று ஒவ்வொன்றாகக் கிரேக்கத்தில் எழுதி, குதிரைப்படை அதிகாரி பிரிஸ்கஸ் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமிட்டார். சாக்கடல் அருகே குகையில் 1961-இல் கிடைத்த அவள் ஆவணக் கட்டில் இதுவும் இருந்தது. மாகாணம் இணைக்கப்பட்டு 21 ஆண்டுகளில், வரிக் கணக்கை வாங்க ஒரு படை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எல்லைப் படை என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு பதில். ரப்பாவில் சாலையோரம் ரோமானியக் கோவில் ஒன்றின் சிதைவு உண்டு. பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள்.

எப்போது இந்த ஜோடி சிறந்தது: ஒரு முழு நாளும், நல்ல வண்டியும், போகும் முன் இரண்டு மாலை உட்கார்ந்து படிக்கும் பொறுமையும் இருந்தால். புகைப்படம் எடுக்கிறவர்களுக்குப் பஷீர் மட்டுமே போதும்.

## உம் அல்-ஜிமால்

அம்மானிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள். சிரிய எல்லை பக்கத்தில்தான். கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டிய ஒரு முழு ஊர் இது. சுமார் 150 வீடுகள், பதினைந்துக்குக் குறையாத தேவாலயங்கள். 2024 ஜூலையில் புது தில்லியில் நடந்த உலகப் பாரம்பரியக் குழுக் கூட்டத்தில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பிரின்ஸ்டனின் ஹோவர்ட் கிராஸ்பி பட்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அளந்து வரைந்தார். 1972 முதல் பெர்ட் டி வ்ரீஸ் பல பத்தாண்டுகள் இங்கே உழைத்தார். இப்போது நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இரண்டாம் நூற்றாண்டின் ஊர் வாசல் ஒன்றில் மார்க்கஸ் ஆரேலியஸ், கொமோடஸ் பெயர்கள் இருந்தன. 300-ஐ ஒட்டி ஒரு கோட்டையும் பிறகு இன்னொரு படைவீடும் வந்தன. படை போனது, ஊர் இருந்தது. 749 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் காலியானது.

மரமே இல்லாத நிலத்தில் வீடு கட்டும் கலையை இங்கே பார்க்க வேண்டும். சுவரிலிருந்து கல்லை நீட்டி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் நீட்டி, கடைசியில் நீளமான கல் உத்தரங்களைப் படுக்கவைத்துக் கூரை போட்டார்கள். கீழ்த்தளத்தில் ஆடுமாடுகளுக்கான தீவனத் தொட்டி வரிசை, மேலே குடும்பம். வெளியிலிருந்து வாய்க்கால் வெட்டி மழைக்கால வெள்ளத்தை ஊருக்குள் உள்ள குளங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே கிடைத்த கல்லறைக் கற்கள்தான் என்னை மிகவும் ஈர்த்தவை. நபத்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் பாலைவன நாடோடிகளின் சஃபாயித்திக் எழுத்திலும் லத்தீனிலும் பெயர்கள். பிற்காலத்தில் வீடு கட்டியவர்கள் அவற்றைச் சாதாரணக் கற்களாக எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று இருமொழிக் கல்: "ஃபிஹ்ர், சுல்லையின் மகன், தனூக் அரசன் ஜதீமாவின் ஆசான்." மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தனூக் ஒரு அரபுப் பழங்குடிக் கூட்டமைப்பு. கோட்டைகள் யாரைத் தடுக்கக் கட்டப்பட்டன என்று பாடப்புத்தகம் சொல்கிறதோ, அந்த மக்களின் அரசனுக்கு ஆசானாக இருந்தவர் எல்லைக்கு உள்ளே ஒரு ஊரில், கிரேக்கத்திலும் பெயர் பொறித்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எல்லை எவ்வளவு தளர்வானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குறைகள் உண்டு. ரோமானியப் படையின் தடம் இங்கே பிற்கால ஊருக்கு அடியிலும் பக்கத்திலும் போய்விட்டது. "ரோமானியக் கோட்டை" பார்க்க வந்தவர் தேவாலயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடும். இருபதாம் நூற்றாண்டில் ட்ரூஸ் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் சில வீடுகளைச் சீர்செய்து வாழ்ந்ததால், எது பழையது எது புதியது என்பதும் குழப்பும். பெட்ராவிலிருந்து இது எதிர்த்திசை, எனவே அம்மானில் தங்கும் நாளில்தான் சாத்தியம்.

குடும்பத்தோடு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். அறிவிப்புப் பலகைகள், சிறு அருங்காட்சியகம், பக்கத்திலேயே கிராமம் எல்லாம் இருக்கின்றன.

## அஸ்ரக்

பாலைவன அரண்மனைகள் சுற்றுலாவில் இது ஏற்கெனவே அடக்கம், தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை. டயோக்ளீஷியன் காலத்து அடித்தளம், 1237-இல் மறுபடி கட்டியது, 1917–18 குளிர்காலத்தில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எனப்படும் பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் தங்கியது. ரோமானிய எல்லைக்காக மட்டும் இங்கே வர வேண்டாம். ஒற்றைக் கல்லாலான கதவைத் தள்ளிப் பாருங்கள், அப்புறம் பக்கத்தில் உள்ள சோலையின் மிச்சத்தைப் பாருங்கள். ரோமானியர் காலம் முதல் வற்றாத தண்ணீர், அம்மானுக்குக் குழாய் போட்ட பிறகு 1990-களின் தொடக்கத்தில் வற்றியது.

## வீட்டிலிருந்தே பார்ப்பது

இதையும் ஒரு தேர்வாகவே சொல்கிறேன். இந்த எல்லையின் தொல்லியல் வானத்திலிருந்துதான் வளர்ந்தது. 1920-களில் பிரெஞ்சுப் பாதிரியார் அந்துவான் ப்வதெபார் விமானத்தில் பறந்து சிரியப் பாலைவனத்தில் 116 கோட்டைகளைப் பதிந்தார். பனிப்போர்க் கால உளவு செயற்கைக்கோள் படங்களில் மேலும் 396 கோட்டைகள் தெரிவதாக ஜெஸ்ஸி கஸானா குழு 2023-இல் வெளியிட்டது. அவை கிழக்கு மேற்காகப் பரவியிருப்பதைப் பார்த்து, தடுப்பு வரிசையைவிட வணிகப் பாதைக் காவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கூகுள் எர்த்திலேயே தெற்கு ஜோர்டானை ஒட்டி மூன்று ரோமானியத் தற்காலிக முகாம்களைக் கண்டார்கள். தொல்லியலாளர் டேவிட் கென்னடி தொடங்கிய வான்படத் தொகுப்பை (APAAME) இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மேலே சொன்ன ஒவ்வொரு இடமும் அதில் உண்டு.

பயணம் போகிறவர்களும் இதை முதலில் செய்தால் நல்லது. லெஜ்ஜூனின் மதில் தரையில் நிற்பவருக்குக் கற்குவியல், வானத்திலிருந்து பார்ப்பவருக்குச் செவ்வகம்.

## செலவுக் கணக்கில் வராதவை

ஜோர்டான் பாஸ் என்ற ஒருங்கிணைந்த சீட்டு பெட்ராவோடு பல தொல்லியல் இடங்களுக்கும் செல்லும். முன்கூட்டியே வாங்கி மூன்று இரவாவது தங்கினால் விசாக் கட்டணமும் அதில் கழியும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான விசா விதியையும் அன்றைய விலையையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் லெஜ்ஜூனுக்கும் பஷீருக்கும் சீட்டே தேவையில்லை என்பதால், அந்த நாளுக்கு இந்தப் பாஸ் எதையும் மிச்சப்படுத்தாது.

போக நல்ல மாதங்கள் மார்ச், ஏப்ரல், அல்லது அக்டோபர், நவம்பர். கோடையில் காலை ஒன்பதுக்குள் முடியும்படி திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். மண் ஓடுகள் காலடியில் கிடக்கும், எடுத்துவரக் கூடாது. அது சட்டப்படி குற்றம், அகழ்கிறவர்களுக்கு அந்த ஓடு கிடந்த இடம்தான் தகவல்.

## யாருக்கு எது

பெட்ராவிலிருந்து தெற்கே போகிறீர்கள், அரை நாள்தான் இருக்கிறது: ஹுமைமா. யோசிக்கவே வேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றாலும் நான் போவது இங்கேதான்.

அம்மானில் ஒரு நாள், கூடவே குடும்பம்: உம் அல்-ஜிமால். மாலையில் நேரம் இருந்தால் அஸ்ரக்கைச் சேர்க்காதீர்கள், இன்னும் இரண்டு வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள்.

அம்மானிலிருந்து பெட்ராவுக்குப் போகும் நாளையே நீட்டிக்க முடியும்: ரப்பா, லெஜ்ஜூன், பஷீர். விடியும் முன் கிளம்ப வேண்டும், பஷீரை விட்டு இருட்டும் முன் நெடுஞ்சாலைக்கு வந்துவிட வேண்டும்.

ரோமானியக் கோட்டை பிறகு என்ன ஆனது என்று தெரிய வேண்டும்: மாதபாவுக்குத் தென்கிழக்கே உம் அர்-ரசாஸ். படை முகாமாக இருந்த இடம் கிறிஸ்தவ ஊராகி, எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியிலும் புதிய மொசைக் தரைகள் போட்டுக்கொண்டிருந்தது.

தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகளைத் தேடி ஜோர்டானுக்குப் போகிறேன் என்பவர்கள் திசையை மாற்ற வேண்டும். தமிழ்-பிராமி கிடைத்த பெரெனிகேயும் குசைர் அல்-காதிமும் செங்கடலின் எகிப்தியக் கரையில் இருக்கின்றன. அகபாவும் அந்தக் கடலின் துறைமுகம்தான், ஆனால் அங்கே வந்த பத்தாம் ஃப்ரெட்டென்சிஸின் கோட்டையே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நகரத்தின் அடியில் எங்கோ இருக்கிறது.